கழுத்துச் சூடு

போன வாரம் பேத்தி வங்கி லாக்கரிலிருந்து எடுத்து வந்த முத்துமாலை மங்கிப் பழுப்பேறியிருந்தது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். ஆனாலும் தூத்துக்குடியில் முத்தைப் பற்றி எனக்குச் சொல்லித்தர ஆள் கிடையாது.

1940களில் என் அம்மா ஒரு முத்து வியாபாரி வீட்டில் மாவாட்டும் வேலை பார்த்தாள். வியாபாரி இறந்ததும் தாலியோடு எல்லா நகையையும் கழற்றிவிட்ட அவர் மனைவி, கல்யாணத்துக்குக் கணவரே கோத்துத் தந்த முத்துமாலையை அம்மாவிடம் நீட்டினார்.

“முத்துக்கு ஒடம்புச் சூடு வேணும்ளா. பெட்டியில கெடந்தா செத்துப்போவும். நீ போடு.”

“அறுந்துட்டா நான் எங்கம்மா போவேன்?”

“அறுந்தா நான் கோத்துக்கிடுதேன். நீ ஆட்டு.”

அன்றிலிருந்து தினமும் ஆட்டுரல் கடகடக்க, உப்புக்காற்று முற்றத்தில் சுற்ற, அம்மாவின் வியர்த்த கழுத்தில் அந்த மாலை ஆடிக்கொண்டிருக்கும். விளக்கு வைக்கும் நேரத்தில் அவள் கழற்றித் தர, அந்தம்மா சூடு ஆறுமுன் வாங்கி இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

பின்னாளில் அந்த வீடு நொடித்தபோது, யார் தயவுமில்லாமல் நாலு கடை வைத்திருந்த நான்தான் மாலையை வாங்கினேன். அம்மா கழுத்தில் போடப் போனேன். அப்பா இறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. அம்மா என் கையை விலக்கிவிட்டு என் மனைவியைக் கூப்பிட்டாள்.

“ஏளா, நீ போட்டுக்கோ. சாயங்காலம் கழத்துன கையோட எங்கிட்ட குடு.”