நடிகைக்கு நாங்கள் நைட்டி போட்டுவிட்ட கதை

வக்கீல் நோட்டீஸ் என்பது பெரிய மனிதர்களுக்கு வருவது என்று நினைத்திருந்தேன். எங்கள் வீட்டுக்குத் தபாலில் வருவதெல்லாம் கல்யாணப் பத்திரிகைதான். ஆகவே போன வருடம் ஒரு சனிக்கிழமை மத்தியானம், தபால்காரர் கையெழுத்துக் கேட்டு மகள் பெயருக்கு ஒரு தடித்த உறையை நீட்டியபோது, அவளுக்கு ஏதோ நல்ல வேலை கிடைத்துவிட்டது என்று எண்ணி அவருக்கு மோர் கொடுத்தேன். அவரும் வாழ்த்திவிட்டுக் குடித்தார்.

பிரித்தால் பதினான்கு பக்கம். டெல்லியில் உள்ள ஒரு வக்கீல் அலுவலகம். நான் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவள், ஆங்கிலம் வாசிப்பேன். வாசித்ததால்தான் பயம் வந்தது. திருப்பரங்குன்றத்தில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் என் கணவருக்கு ஆங்கிலம் ஆகாது. அதனால் அவர் கடைசிவரை தைரியமாகவே இருந்தார்.

நடந்தது இதுதான். மகளுக்கு இருபத்து மூன்று வயது. படிப்பை முடித்ததும் வேலைக்குப் போகமாட்டேன் என்று சொல்லி, கோச்சடையில் ஒரு வீட்டின் கீழ்ப்பகுதியை வாடகைக்குப் பிடித்து, மூன்று தையல் மெஷின் போட்டு, மூன்று பெண்களை வைத்து, பருத்தி நைட்டி தைத்து விற்கத் தொடங்கினாள். நல்ல துணி, நல்ல தையல், பை வைத்த நைட்டி. ஒரு வருடம் யாரும் சீந்தவில்லை. ஒருநாள் எங்கள் வீட்டு கேட்டின் போட்டோவையும் நைட்டியின் போட்டோவையும் செல்போனில் ஏதோ ஏஐ செயலியில் போட்டு ஒரு படம் செய்தாள். தமிழ்நாடே கொண்டாடும் ஒரு நடிகை, திருநகரில் எங்கள் வீட்டு கேட்டுக்கு வெளியே, எங்கள் நைட்டியைப் போட்டுக்கொண்டு, தள்ளுவண்டிக்காரரிடம் கீரைக்கட்டை வாங்கிக்கொண்டிருக்கிறார். நிஜமாக நின்றதுபோலவே இருந்தது.

"என்னமோ குறையுதுடி" என்றேன் நான்.

"என்னம்மா குறையுது?"

"நைட்டியோட தெருவுக்கு வர்றவ தோள்ல துண்டு போடாமயா வருவா?"

படத்தில் துண்டையும் போட்டு, கடையின் பெயரோடு இன்ஸ்டாகிராமில் ஏற்றினாள். படம் பறந்தது. மூன்று மெஷினும் ஓய்வில்லாமல் ஓடின. நான் என் பங்குக்கு எல்லா வாட்ஸப் குழுக்களுக்கும் அனுப்பி, "என் மகள் செய்தது" என்று பெருமையாகப் போட்டேன். குற்ற வாக்குமூலத்தை இவ்வளவு பேருக்கு அனுப்பியவள் மதுரை மாவட்டத்தில் வேறு யாரும் இருக்கமாட்டாள்.

நோட்டீஸ் சொன்னதன் சாரம்: எங்கள் கட்சிக்காரரின் முகமும் பெயரும் குரலும் அவருக்கே உரியவை. அவற்றை அனுமதியில்லாமல் வியாபாரத்துக்குப் பயன்படுத்தியது தவறு. பத்து நாளுக்குள் படத்தை நீக்கி, வெளியே பரவிய பிரதிகளையும் அகற்ற வைத்து, எழுத்தில் உறுதிமொழி தர வேண்டும். தவறினால் டெல்லியில் வழக்கு, நைட்டி விற்பனைக்கே தடை கேட்போம். இதுவரை பயந்துகொண்டேதான் வாசித்தேன். ஒன்பதாம் பக்கத்தில் பயம் போய்க் கோபம் வந்தது. "எங்கள் கட்சிக்காரர் இத்தகைய உடையில் என்றுமே பொதுவெளியில் தோன்றியவர் அல்லர். இப்படிச் சித்தரிப்பது அவரது கண்ணியத்துக்கும் சந்தை மதிப்புக்கும் பெருங்கேடு" என்ற பொருளில் ஒரு பத்தி. அதை வாசிக்கும்போது நான் நைட்டியில்தான் இருந்தேன். தோளில் துண்டு. அதே கோலத்தில்தான் தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டிருந்தேன். என் கண்ணியத்துக்கும் சந்தை மதிப்புக்கும் இருபது வருடமாக ஏற்பட்டுவரும் கேட்டைப் பற்றி எந்த வக்கீலும் ஒரு வரி எழுதியதில்லை.

மகள் படத்தை உடனே நீக்கினாள். நீக்கிவிட்டு, கணக்கு நோட்டை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு வருட உழைப்பு, மூன்று பெண்களின் சம்பளம், எல்லாம் அந்தப் பத்து நாளில் தொங்கிக்கொண்டிருந்தது.

கணவர் கடையிலிருந்து வந்து கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா இம்புட்டு அழுகாச்சி? இந்த ஊர்ல காதுகுத்துக்கு எந்த நடிகன் படத்த போடல? மொட்டைக்கு எவன் படத்த போடல? மாமன் சீர் ஃப்ளெக்ஸ்ல ஒரு பக்கம் மாமன், ஒரு பக்கம் தலைவரு. எவன் டெல்லிக்கு எழுதிக் கேட்டான்?"

"அதெல்லாம் வேறங்க."

"என்ன வேற? எனக்குத் தெரிஞ்ச பையன் இருக்கான். நான் பாத்துக்கிறேன். நீ பயப்படாத பாப்பா."

இவர் "நான் பாத்துக்கிறேன்" என்று சொன்ன காரியங்களில் எங்கள் மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரும் ஒன்று. அது இன்னும் பாதியில் நிற்கிறது. ஆனால் இதை மட்டும் வேகமாக முடித்துவிட்டார். எங்களுக்குச் சொல்லாமலே.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. சினிமா ஆளைப் பற்றி எது என்றாலும் முதலில் ரசிகர் மன்றத்தில் சொல்ல வேண்டும். பட ரிலீஸ், பால் அபிஷேகம், சுவரொட்டி ஒட்டும் இடம் எல்லாவற்றுக்கும் மன்றத் தலைவர் கையசைக்க வேண்டும். அந்த நடிகைக்கும் இங்கே ஒரு மன்றம் இருந்தது. அதன் தலைவர்தான் என் கணவர் சொன்ன அந்தப் பையன், செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். துணைத் தலைவரும் அவரே என்று பிறகு தெரிந்தது. என் கணவர் அவரிடம் போய், லெட்டர்பேடில், வட்ட முத்திரையோடு, "மேற்படி நைட்டி விளம்பரத்துக்கு மன்றத்தின் சார்பில் முழு மனதோடு அனுமதி அளிக்கப்படுகிறது. அனைவரும் வாங்கிப் பயன்பெறவும்" என்று எழுதி வாங்கி, டெல்லிக்குக் கூரியரில் அனுப்பிவிட்டு, கோவிலில் ஒரு தேங்காயும் உடைத்துவிட்டு வந்தார்.

நோட்டீஸ் வந்த நான்காம் நாள் மகளுக்கு மின்னஞ்சல் வந்தது. எங்கள் கட்சிக்காரரின் உருவத்துக்கு அனுமதியில்லாமல் உரிமம் வழங்கும் அமைப்பு ஒன்றின் கடிதத்தை நீங்களே அனுப்பிவைத்ததற்கு நன்றி, அந்த அமைப்பின் மீதும் நடவடிக்கை தொடங்கியுள்ளோம், நீங்கள் இருவரும் கூட்டாகச் செயல்பட்டதாகக் கருதுகிறோம் என்று. அதுவரை தெரியாமல் செய்த பெண்ணாக இருந்த என் மகள், அன்று முதல் ஒரு கும்பலின் தலைவியாகிவிட்டாள்.

"ஏங்க, அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு வார்த்த கேட்டீங்களா?"

"சீலு இருந்துச்சே" என்றார். அப்போதுதான் அவர் முகத்தில் முதல் தடவையாகப் பயத்தைப் பார்த்தேன். சரியாகச் சொன்னால், அது பயமல்ல. சீல் மீது வைத்திருந்த நம்பிக்கை போன துக்கம்.

அடுத்த இரண்டாம் நாள் மன்றத் தலைவர் வீட்டுக்கே வந்துவிட்டார். கேட்டைப் பிடித்துக்கொண்டு கத்தினார்.

"அண்ணே, என்னண்ணே இப்படிப் பண்ணிட்டீங்க! எனக்கும் நோட்டீஸ் வந்துருச்சுண்ணே!"

"கத்தாத மாப்ள, உள்ள வா."

"பதினோரு வருசமா பொறந்தநாளுக்கு லெட்டர் போடுறேன்ணே. ரத்ததானம் பண்ணி போட்டோ அனுப்பிருக்கேன். ஒரு பதில் கிடையாது. இப்ப வந்துருக்குண்ணே." உள்ளே வந்து உட்கார்ந்து உறையை மடியில் வைத்துத் தடவினார். "அட்ரஸ் எம்புட்டுக் கரெக்டா போட்டுருக்காங்க பாத்தீங்களாக்கா? சந்துப் பேரு, கடை நம்பரு எல்லாம். அப்ப நாம போட்ட லெட்டரெல்லாம் போய்ச் சேந்துருக்குல்ல?"

அந்த மனிதர் பயந்தாரா, மகிழ்ந்தாரா என்று எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. காபி குடித்துவிட்டுப் போகும்போது, அதை லேமினேட் செய்தால் கோர்ட்டில் செல்லுமா என்று கேட்டார்.

கெடு முடிய மூன்று நாள் இருக்கும்போதுதான் கோர்ட்டுப் பக்கம் இருக்கும் ஒரு பெண் வக்கீலைப் பார்த்தோம். முதல் நாளே போயிருக்க வேண்டிய இடம். அவர் நோட்டீஸைப் படித்தார். மன்றத்தின் அனுமதிக் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். மேஜைக்கு அடியில் எதையோ தேடுவதுபோலக் குனிந்து, சிரித்து முடித்துவிட்டு நிமிர்ந்தார்.

"காதுகுத்துக்கெல்லாம் ஊரே நடிகர் படத்த போடுதே மேடம்?" என்று கேட்டேன்.

"ஊரு போடுறது வாழ்த்தும்மா. நீங்க போட்டது விளம்பரம். ஒருத்தரோட முகத்த வச்சுச் சம்பாதிக்கிற உரிமை அந்த ஒருத்தருக்குத்தான். அதுக்குன்னு தனியா ஒரு சட்டப் புத்தகம் இல்ல. ஆனா கோர்ட்டு ஒத்துக்குது. வாதாட வேணாம். மன்னிப்புக் கேட்டு எழுதிக் குடுங்க. அதுக்கு முன்னாடி, பரவின படத்தையும் எடுக்க முயற்சி பண்ணோம்னு காட்டணும்." பிறகு மகளிடம், "யாரும்மா இத செஞ்சது? நீ ஒருத்திதானா?" என்றார்.

"நான் ஒருத்திதான் மேடம்" என்றாள்.

துண்டைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை. உறுதிமொழிப் பத்திரத்திலும் துண்டு இல்லை.

விளக்குத்தூண் பக்கம் துணிக்கடைகளில் அந்தப் படம் மாட்டியிருக்கிறது என்று தையல்காரப் பெண்கள் ஏற்கெனவே சொல்லியிருந்தார்கள். போய்ப் பார்த்தால் ஒரு கடை வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். எங்கள் நைட்டி, எங்கள் கேட்டு, எங்கள் துண்டு. கீழே அவர்கள் கடையின் பெயர். எனக்கு ரத்தம் கொதித்தது. நாங்கள் திருடியதை இன்னொருவர் திருடிவிட்டார் என்ற கோபம். அவ்வளவு சுத்தமான நியாய உணர்ச்சி எனக்கு அதற்கு முன் வந்ததில்லை.

"இத எடுத்துருங்கண்ணே" என்றாள் மகள்.

"எடுக்கச் சொல்ல நீ யாரும்மா? இது எங்க கடைக்குன்னே ஆள் வச்சு எடுத்த போட்டோ."

"அண்ணே, பின்னாடி இருக்கிறது எங்க வீட்டு கேட்டு. கதவு நம்பரு தெரியுது பாருங்க."

கடைக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். முகம் மாறியது. குரலைத் தாழ்த்தி என்னிடம் கேட்டார்: "அப்ப அந்தம்மா உங்க வீட்டுக்கு வந்துருந்தாங்களா?"

மகள் பதினான்கு பக்கத்தையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் படிக்கவில்லை, எடை பார்த்தார். உடனே பையனைக் கூப்பிட்டு ஸ்டூல் போடச் சொன்னார். ஃப்ளெக்ஸைக் கழற்றவில்லை. நடிகையின் முகத்தின் மேல் மட்டும் "ஆடித் தள்ளுபடி" என்ற வட்ட ஸ்டிக்கரை ஒட்டினார்கள். பிறகு மகள் அங்கேயே நின்று, கெஞ்சி, முழுவதையும் இறக்க வைத்தாள். இப்படியே ஐந்து கடைகள்.

திரும்பும்போது ஸ்கூட்டரில் என் முன்னால் உட்கார்ந்து ஓட்டிக்கொண்டே கேட்டாள்.

"அம்மா, என் போட்டோவ எவனாச்சும் எடுத்து அவன் கடைக்கு மாட்டுனா என்ன பண்ணுவ?"

"கைய ஒடிப்பேன்."

"அவங்க பதினாலு பக்கம் எழுதிருக்காங்க. அம்புட்டுத்தான்."

பின்னால் உட்கார்ந்திருப்பதில் ஒரு வசதி, முகத்தைக் காட்ட வேண்டியதில்லை.

உறுதிமொழி போனது. மூன்று வாரம் தபால்காரர் தெருவில் தெரிந்தாலே கேட்டுக்கு ஓடினேன். பதில் இரண்டு வரியில் வந்தது: உறுதிமொழி பெற்றுக்கொள்ளப்பட்டது, எங்கள் கட்சிக்காரரின் உரிமைகள் அனைத்தும் அப்படியே இருக்கின்றன. வக்கீலம்மா இது நல்ல பதில் என்றார். கணவர் ஜெயித்துவிட்டோம் என்று கடையில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார். எனக்கு அந்த இரண்டாவது வரிதான் மனதில் நிற்கிறது. அவர்கள் நினைத்தால் எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்பதை அதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

படம் போனதும் வியாபாரமும் இறங்கியது. மூன்று மெஷினில் ஒன்று நாள் முழுக்கச் சும்மா இருந்தது. ஒரு விடுமுறை நாளில் நான் கோச்சடைக்குப் போயிருந்தபோது, ஒரு அம்மா உள்ளே வந்தார். ஒவ்வொரு நைட்டியாகத் தடவிப் பார்த்தார், பைக்குள் கைவிட்டுப் பார்த்தார், துணி நன்றாக இருக்கிறது என்றார். நான்கு உருப்படிகளை எடுத்துத் தனியாக வைத்தார். எனக்கு மூச்சு வந்தது.

"இதானே அந்த நடிகை வீட்ல போடுறது?" என்று கேட்டார்.

ஆமாம் என்று நாங்கள் சொல்லக்கூட வேண்டாம். சும்மா சிரித்தால் போதும். நான் சிரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

"இல்லக்கா" என்றாள் மகள். "அவங்க போட்டதே இல்ல. நாங்களா போட்டுவிட்டோம். தப்புன்னு எழுதிக் குடுத்துருக்கோம்."

அந்த அம்மா நான்கையும் ஒருமுறை பார்த்தார். "அப்பறம் எதுக்கு?" என்று சொல்லி, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

"ஏண்டி..." என்று ஆரம்பித்தேன். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நிறுத்திக்கொண்டேன். அவள் நான்கு நைட்டியையும் ஒவ்வொன்றாக மடித்து அடுக்கினாள்.