அறுபது பேரும் ஆறு நாள்

கே.கே. நகர் பிருந்தாவுக்குப் பேச யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. வீட்டில் சௌராஷ்டிரம், தெருவில் தமிழ், வகுப்பில் இங்கிலீஷ் என்று மூன்றிலும் மூச்சுவிடாமல் பேசுவாள். சேலை வியாபாரம் பார்க்கும் அப்பா ராமமூர்த்தி, இந்த வாய்க்கு வக்கீல் படிப்புதான் சரி என்று சொல்லிப் பார்த்தார். அவளோ தொடர்பியல் முதுகலையில் போய்ச் சேர்ந்தாள். அது என்ன படிப்பு என்று சொந்தக்காரர்கள் கேட்டால், மனுசருக்கு மனுசர் சேதி எப்படிப் போகிறது என்று படிப்பது என்பாள். அதற்கு எதற்குக் காலேஜ் என்பார்கள் அவர்கள். நியாயமான கேள்விதான்.

1999, கடைசி வருடம். ஆய்வேடு எழுதிக் கொடுத்தால்தான் பட்டம். வானொலியின் விவசாய நிகழ்ச்சி ஜனங்களிடம் எப்படிப் போய்ச் சேர்கிறது என்று தலைப்பு எடுத்துக்கொண்டு, எழுமலையை ஒட்டிய ஒரு சிற்றூருக்குப் போனாள். இருபது கேள்வி, அறுபது பேர். முதலில் மாட்டியது முத்துத்தாய். மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்தவள், இதெல்லாம் எதுக்கு என்று கேட்டாள். ஆராய்ச்சி, புள்ளிவிவரம் என்று என்னென்னவோ விளக்கிப் பார்த்த பிருந்தா, கடைசியில் அலுத்துப்போய், இது என் பரீட்சை, இதில்தான் எனக்கு மார்க் என்று சொல்லிவைத்தாள். அங்கேதான் சனி பிடித்தது.

வாரத்தில் எத்தனை நாள் நிகழ்ச்சி கேட்பீர்கள் என்பது ஏழாவது கேள்வி. எத்தனை நாள் போடுகிறார்கள் என்று முத்துத்தாய் திருப்பிக் கேட்டாள். ஆறு நாள் என்றாள் பிருந்தா. அப்படியானால் ஆறு நாளும்தான், எழுதிக்கோ என்றாள் முத்துத்தாய்.

மறுநாளிலிருந்து ஊரே அவளை வாசலில் நின்று வரவேற்றது. மோர் கொடுத்தார்கள், பதிலும் கொடுத்தார்கள். பத்து நாளாகும் என்று நினைத்த வேலை நாலு நாளில் முடிந்தது. வீட்டில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால், அறுபது பேரும் ஆறு நாள். பிருந்தா மனசுக்குள் தங்கப் பதக்கத்தைக் கழுத்தில் மாட்டியே பார்த்துவிட்டாள்.

ஆய்வு நெறியாளர் ஹாலாஸ்யம் சார் அதிர்ந்து பேசாதவர். இரண்டாம் பக்கத்தைப் பார்த்தார், ஏழாம் கேள்வியைப் பார்த்தார், மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“நாப்பத்தோரு பேர் ஆத்துல ரேடியோவே இல்லேன்னு நீயே எழுதியிருக்கே. அவாளும் ஆறு நாள் கேக்கறாளா?”

ஆய்வேடு கொடுக்க மூன்று வாரம்தான் இருந்தது. தவறினால் ஒரு வருடம் போச்சு. வகுப்பில் எல்லாருக்கும் புத்தி சொல்லிக்கொண்டு திரிந்தவள், அதே வகுப்பில் அடுத்த வருடம் போய் உட்கார வேண்டும். அதை நினைத்து உசிலம்பட்டி வரை பஸ்ஸில் அழுதாள். உசிலம்பட்டி தாண்டியதும் அழுகை கோபமாகிவிட்டது. நேரே முத்துத்தாய் வீட்டுக்குப் போய், ஏன்க்கா எல்லாரும் பொய் சொன்னீங்க என்று கேட்டாள்.

முத்துத்தாய்க்குத்தான் ரோசம் வந்தது. “பரீட்சைன்னு நம்பி எங்க ஊருக்கு வந்த புள்ளய பெயிலாக்கி அனுப்பச் சொல்றியா? எங்களுக்குல்ல கேவலம்.”

அப்புறம் பெருமையாக எல்லாவற்றையும் சொன்னாள். அன்று சாயங்காலமே, அந்தப் புள்ள கேட்டால் ஆறு நாள் என்று சொல்லுங்கள் எனக் குழாயடியில் சொல்லிவிட்டாளாம். குழாயடியிலிருந்து விருமாண்டி டீக்கடைக்குப் போயிருக்கிறது. விடியுமுன் பருத்தி எடுக்கப் போனவர்கள் மூலம் மேற்குக் காடுவரை போய்விட்டது. பிருந்தா ஏதோ சொல்ல வாயெடுத்து, மூடிக்கொண்டாள். அந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து இப்போதுதான் அவள் காது வேலை செய்தது. ரேடியோ இத்தனை வருடம் கத்தியும் நடக்காததை ஒரு பொம்பளை ஒரே ராத்திரியில் நடத்தியிருக்கிறாள். அதை விட்டுவிட்டு நான் எதை ஆராய்ச்சி பண்ணிக்கொண்டிருந்தேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள்.

தலைப்பை மாற்றினாள். சார் யோசித்து யோசித்துச் சம்மதித்தார். இந்த முறை கேள்வித்தாள் கிடையாது. ஆறு நாள் என்ற பதில் யாரிடமிருந்து யாருக்கு, எங்கே வைத்துப் போனது என்று வீடு வீடாகக் கேட்டு, ஊரையே படமாக வரைந்தாள். கடைசி நாள் மத்தியானம் பைண்டு பசை காயாமலே கொண்டுபோய்க் கொடுத்தாள்.

வாய்மொழித் தேர்வுக்குச் சென்னையிலிருந்து சாருலதா என்று ஒரு பேராசிரியை வந்திருந்தார். சிரித்துக்கொண்டே கத்தியைச் செருகினார். முதலில் பொய் சொன்னவர்கள் இப்போது மட்டும் நிஜம் சொன்னார்கள் என்று எப்படி நம்புவது என்றார்.

“நம்பலை மேடம். முப்பத்திநாலு பேர், நான்தான் முதல்ல சொன்னேன்னு சண்டைக்கே வந்தாங்க. அதனால சொன்னவங்க சொன்னதை, கேட்டவங்ககிட்டப் போய்க் கேட்டுத்தான் எழுதினேன்.”

சாருலதா படத்தை ஹாலாஸ்யம் சார் பக்கம் நகர்த்தி, இதைக் கட்டுரையாக்கி வெளியிடச் சொல்லுங்கள் என்றார். மார்க் அறுபத்தெட்டு, முதல் வகுப்பு.

அன்றே எழுமலை எஸ்.டி.டி. பூத்துக்குப் போன் போட்டு, பூத் நடத்தும் கருத்தக்கண்ணனிடம் அறுபத்தெட்டு என்று சேதியைச் சொன்னாள். மறுநாள் லட்டு வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனால், டீக்கடையில் அது எழுபத்தைந்தாகியிருந்தது. குழாயடியில் தொண்ணூறு. முத்துத்தாய் தெருவில் பிருந்தா மாநிலத்திலேயே முதலாவதாக வந்திருந்தாள்.

முத்துத்தாய் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “நம்ம பாசாயிட்டோம்ல தாயி.”

அறுபத்தெட்டுதான் என்று திருத்தப் போன பிருந்தா அதை அப்படியே விட்டுவிட்டாள். ஆமாக்கா, பாசாயிட்டோம் என்றாள்.