தபால் செலவு இல்லை

ஜாக்கெட் தைக்கத் தெரிந்த பெண்களுக்குக்கூடத் துணியை வெட்டும்போது கை நடுங்கும். வாடிக்கையாளர் கொடுத்த துணி கெட்டுப்போனால் யார் பதில் சொல்வது? அந்த நடுக்கத்தில்தான் பவுனின் பிழைப்பு தொடங்கியது.

போபோடியில் ரயில் பாதைக்குப் பக்கத்துச் சந்தில், மாடியில் இரண்டு அறை வீடு. கணவர் சவரிமுத்து கட்கியில் ராணுவத் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். பவுன் வீட்டிலேயே தைத்துக்கொண்டிருந்தாள். ஜபல்பூரில் இருந்த சித்தி மகள் ஒருமுறை போனில் புலம்பினாள். எத்தனை தைத்தாலும் அக்குளில் சுருக்கம் விழுகிறதாம். போனில் சொல்லிப் புரியவைக்க முடியாமல், பவுன் அவளுடைய அளவுக்குப் பழுப்புத் தாளில் முன்பாகம், பின்பாகம், கை, பட்டி எல்லாம் வரைந்து வெட்டி, "இங்கே அரை இஞ்ச் விடு", "இதை மடிக்காதே" என்று தாள்மேலேயே எழுதித் தபாலில் போட்டாள். தாளைத் துணிமேல் வைத்து வெட்டினால் போதும். சித்தி மகள் அதைப் பக்கத்து வீட்டுக்குக் காட்டினாள். பக்கத்து வீட்டுக்காரி தங்கைக்குக் காட்டினாள்.

அப்படியே பரவியது. தொழிற்சாலை ஊர்களில் இருக்கும் தமிழ்க் குடும்பத்துப் பெண்கள், தமிழ்நாட்டுச் சின்ன ஊர்களில் வீட்டில் மிஷின் வைத்திருப்பவர்கள் என்று எங்கெங்கிருந்தோ வாட்ஸாப்பில் அளவு வரத் தொடங்கியது. பவுன் காலையில் வரைவாள், மத்தியானம் வெட்டுவாள், மறுநாள் உறைகளை எடுத்துக்கொண்டு போஸ்டாபீஸுக்குப் போவாள். எல்லாம் பதிவுத் தபால். கூரியர்காரன் எட்டிப் பார்க்காத ஊருக்கும் அது போய்ச் சேர்ந்தது. பெயர் கேள்விப்படாத கிராமங்களை எல்லாம் விலாசம் எழுதி எழுதியே அவள் தெரிந்துகொண்டாள்.

முதலில் தபால் கட்டணம் கொஞ்சம் கூடியபோது அவள் பொறுத்துக்கொண்டாள். அப்புறம் ஒருநாள் கவுண்ட்டரில் இருந்த பெண் உறைகளைத் திருப்பி நகர்த்தினாள். "ரெஜிஸ்டர் பந்த் ஜாலா, தாயி" என்றாள் மராத்தியில். பதிவுத் தபால் என்று தனியாக இனி இல்லை, ஸ்பீட் போஸ்டோடு சேர்த்துவிட்டார்களாம். அதே உறை, அதே ஊர், கட்டணம் மட்டும் இரண்டு மடங்குக்கும் மேல். கூடுதல் செலவைக் கேட்டபோது பாதிப் பேர் பின்வாங்கினார்கள். கட்டிங் தாளின் விலையைவிடத் தபால் செலவு பெரிதாக இருக்கிறதே என்றார்கள். அதிலும் நியாயம் இருந்தது. பவுன் பாதியைத் தன் கையிலிருந்து போட்டு ஒப்பேற்றினாள்.

அகல்யாவுக்கும் அதே கஷ்டம்தான். அவள் முன்பு இதே சந்தில் மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தவள். புருஷனுக்கு ராணுவ டெப்போவுக்கு வேலை மாற்றமானதும் தேஹு ரோடுக்குப் போய்விட்டாள். சேலை ஃபால்ஸ், லேஸ், ஊக்கு என்று தபாலில் விற்றுக்கொண்டிருந்தாள். வயதில் சின்னவள், ஆனால் பவுனுக்கு அவளைவிட நெருக்கமானவர்கள் யாரும் இல்லை. கர்ப்பப்பை ஆபரேஷனுக்குப் பவுன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சவரிமுத்துவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு அகல்யாதான் கூடவே இருந்து, தலை வாரி, பாத்ரூமுக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனாள். சொந்தத் தங்கை செய்யாதது.

அந்த அகல்யாதான் வழி சொன்னாள். தனியார் கூரியர் ஒன்று, மாதாமாதம் நிறைய உறை கொடுத்தால் விலை குறைப்பதாகச் சொல்கிறது. தன் ஒருத்தியால் அத்தனை கொடுக்க முடியாது. இருவரும் சேர்ந்து தன் பெயரிலேயே கணக்குத் தொடங்கினால் இருவருக்கும் ஆதாயம். பவுன் யோசிக்கவே இல்லை. வாரத்தில் இரண்டு நாள் பையைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயிலேறி தேஹு ரோடுக்குப் போனாள். கூரியருக்கு வாடிக்கையாளர்களின் விலாசமும் போன் நம்பரும் வேண்டுமென்றதால் எல்லாவற்றையும் அகல்யாவின் போனில் ஏற்றிக் கொடுத்தாள். அங்கேயே சாப்பிட்டுவிட்டு, பேசிச் சிரித்துவிட்டு வருவாள். தபால் செலவு கூடியதும் ஒருவிதத்தில் நல்லதற்குத்தான் என்று சவரிமுத்துவிடம் சொல்லக்கூடச் செய்தாள்.

தீபாவளி முடிந்ததும் அளவு வருவது குறைந்தது. பண்டிகை முடிந்த மந்தம் என்று நினைத்தாள். பொங்கல் நெருங்கியும் ஏறவில்லை. தன் வேலையில்தான் குறையோ என்று பயந்து, போன கட்டிங்குகளைப் பற்றிச் சிலரிடம் விசாரித்தாள். யாரும் குறை சொல்லவில்லை. பேச்சை மட்டும் சீக்கிரம் முடித்துக்கொண்டார்கள்.

இடார்சியிலிருந்து சரசா கூப்பிட்டபோதுதான் விஷயம் தெரிந்தது. சரசா பல வருஷமாகப் பவுனிடம் கட்டிங் வாங்குபவள். உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். கண் பார்வை எப்படி என்றாள். பவுனுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"இல்லக்கா, நீங்க கண்ணு தெரியாம வேலைய விடப்போறீங்கன்னு அகல்யா சொன்னாங்க. இனிமே அவங்கதான் போன்லயே கட்டிங் அனுப்புவாங்களாம். தபால் செலவு இல்லைன்னு மெசேஜ் போட்டிருந்தாங்க. உங்க தங்கச்சிதானே அவங்க?"

சரசா அந்த மெசேஜையும் கூடவே ஒரு ஃபைலையும் பவுனுக்கு அனுப்பினாள். பவுன் திறந்து பார்த்தாள். அவள் வரைந்த பின்பாகம். ஸ்கேன் எடுத்து, பக்கம் பக்கமாகப் பிரித்திருந்தது. ஜெராக்ஸ் கடையில் பிரிண்ட் எடுத்துத் தாள்களை ஒட்டிக்கொள்ள வேண்டியதுதான். ஓரத்தில் இருந்த அவளுடைய பெயரை அழித்துவிட்டு, எழுத்தை மட்டும் விட்டிருந்தார்கள். "இங்கே அரை இஞ்ச் விடு" என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

மறுநாள் காலை அவள் தேஹு ரோடுக்குப் போனாள். சவரிமுத்து தானும் வருவதாகச் சொன்னார், அவள் வேண்டாமென்றாள். அகல்யா வழக்கம்போல் கதவைத் திறந்து, உட்காரச் சொல்லி, டீ போட உள்ளே போகப் பார்த்தாள். பவுன் நின்றபடியே கேட்டாள்.

"எனக்குக் கண்ணு தெரியலைன்னு எப்ப உன்கிட்ட சொன்னேன்?"

அகல்யாவின் முகம் ஒருமுறை வெளுத்தது, அவ்வளவுதான். அழவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து சேலை முந்தானையை நீவினாள்.

"ஏதாவது ஒண்ணு சொல்லணும்ல அக்கா. இன்னைக்கு இல்லேன்னாலும் ஒருநா நீங்க விடத்தான் போறீங்க. தபால் ரேட்டு இனிமே எறங்கவா போவுது? ஊக்கும் லேஸும் போன்ல அனுப்ப முடியாது, கட்டிங்க அனுப்பலாம். நான் செய்யலேன்னா வேற யாராவது செஞ்சிருப்பாங்க."

"வேற யாராவது செஞ்சிருந்தா நான் இங்க வந்திருக்க மாட்டேன் அகல்யா."

 அகல்யா குரலைத் தணித்து, புது மாடல்களைப் பவுன் வரைந்து கொடுக்கட்டும், விற்பதைத் தான் பார்த்துக்கொள்வதாகவும் வருவதில் பாதி தருவதாகவும் சொன்னாள். அவள் அதை நல்ல மனசோடுதான் சொன்னாள். செய்த காரியத்தைவிட அந்த நல்ல மனசுதான் பவுனுக்கு அதிகம் வலித்தது. நான் வரைந்தது என்னுடையது என்று இவளுக்குத் தோன்றவே இல்லையே என்று திகைத்தாள்.

மூலையில் கூரியருக்குப் போகாமல், பிரித்து மறுபடி ஒட்டிய தடத்தோடு பவுனின் உறைகள் சில கிடந்தன. எத்தனை நாளாகக் கிடந்தனவோ. அவற்றைப் பையில் அடுக்கிக்கொண்டு கிளம்பினாள். லோக்கலில் ஜன்னல் ஓரம் இடம் இருந்தும் உட்காரத் தோன்றாமல் வாசல் கம்பியைப் பிடித்து நின்றே வந்தாள். இறங்கியதும் நேரே போஸ்டாபீஸுக்குப் போய், அத்தனை உறைகளையும் ஸ்பீட் போஸ்டில் தன் செலவிலேயே அனுப்பினாள்.

அடுத்த சில நாட்களில் நினைவில் இருந்தவர்களை எல்லாம் கூப்பிட்டாள். தனக்குக் கண் நன்றாகத் தெரிகிறது என்று ஒவ்வொருவரிடமும் சொல்வதே அவமானமாக இருந்தது. சிலர் வருத்தப்பட்டார்கள். சிலர், விஷயம் தெரிந்த பிறகும், போனில் வாங்குவது சுளுவாக இருக்கிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னார்கள். போலீஸில் எழுதிக்கொடுக்கலாமா என்று சவரிமுத்து கேட்டார். ஆஸ்பத்திரியில் தலை வாரிவிட்டவள்மேல் என்னவென்று எழுதுவது என்று அவள் கேட்டாள். 

இப்போது பவுன் பிம்ப்ரியில் பள்ளிச் சீருடை தைக்கும் யூனிட்டில் கட்டிங் மாஸ்டர். மாதச் சம்பளம் தவறாமல் வருகிறது. மெத்தை மெத்தையாகத் துணியை அடுக்கி மின்கத்தியில் வெட்டுகிறார்கள், யாருடைய உடம்பு என்று தெரிய வேண்டியதில்லை. சரசாவும் இன்னும் நாலைந்து பேரும் மட்டும் தபால் செலவைத் தாங்களே ஏற்று அவளிடம் கட்டிங் வாங்குகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து அவர்களுக்கு வரைகிறாள்.

போன மாதம் அப்படி வரைந்துகொண்டிருந்தபோது அகல்யாவிடமிருந்து மெசேஜ் வந்தது. நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. "அக்கா, பிரிண்ட் எடுத்தா கை மட்டும் எல்லாருக்கும் டைட்டா வருதுன்னு சொல்றாங்க. எங்க தப்புன்னு பாத்துச் சொல்லுங்களேன்."

பவுன் படித்தாள். கை வரைந்த பக்கம் தாளைவிடப் பெரிது, ஜெராக்ஸ் கடைக்காரன் அதைத் தாளுக்குள் அடக்க அளவைச் சுருக்கிவிடுகிறான் என்று அவளுக்குப் பார்த்ததும் புரிந்துவிட்டது. சவரிமுத்து யாரென்று கேட்டார். யாரும் இல்லை என்றாள். மெசேஜை அழிக்கவில்லை, பதிலும் போடவில்லை. தான் படித்துவிட்டது அவளுக்குத் தெரியும்படி இரண்டு நீல டிக்கும் விழட்டும் என்று திறந்தபடியே வைத்துவிட்டு, பென்சிலைக் கூராக்கிக்கொண்டாள்.