தும்மினவருக்கு உள்ளே இடமில்லை

றபீக்கா முதலில் மூக்கைத்தான் பார்ப்பார், முகமெல்லாம் பிறகு. எந்த வீட்டுக்குப் போனாலும் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே, அங்கே ஓடித்திரிகிற பிள்ளைகளின் மூக்குகளை அவருடைய கண் ஒரு சுற்றுச் சுற்றி வந்துவிடும். "இது காஞ்சிட்டு. இது ஓடுது. இந்தா, இது நாளைக்கு ஓடப் போற மூக்கு" என்று சொல்லிக்கொண்டே உட்காருவார். ஏறாவூரில் அவருடைய சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில் இருக்கிற பெண்கள், றபீக்காவின் குரல் கேட்டால் பிள்ளையின் மூக்கைத் துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறக்கிறார்கள்.

மூக்குப் பார்ப்பது அவருடைய தொழில் அல்ல. தொழில், அபாயாவுக்குக் கல் ஒட்டுவது. காத்தான்குடிக் கடைகளிலிருந்து கறுப்பு அபாயாக்கள் மூட்டையாக வரும். கைமுனையிலும் நெஞ்சுப் பக்கத்திலும் பசை தொட்டுக் கண்ணாடிக் கற்களைப் பூவாகவும் கொடியாகவும் ஒட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் அவர் விரல்களில் ஒன்றிரண்டு கற்கள் மின்னிக்கொண்டே இருக்கும். "கழுத்துல ஒண்டுமில்லாட்டி என்ன, கை நிறைய வைரம்தானே" என்பார். ஐம்பதைத் தாண்டிய பெண். நடையில் மட்டும் எப்போதும் பஸ்ஸைத் தவறவிடப் போகிற அவசரம்.

அவருடைய மகன் ஷிஹானுக்குச் சின்ன வயதில் சிறுநீரக வருத்தம். முகம் அதைத்துப்போய், கண் திறக்க முடியாமல் கிடந்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளினிக் கிளினிக்காக அலைந்தவர். அந்த ஷிஹான் இப்போது கட்டாரில் லொறி ஓட்டுகிறான். உம்மா அழைத்தால், "சாப்பிட்டன், சாப்பிட்டன்" என்று கேட்காத கேள்விக்கே பதில் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறான். மகன் வளர்ந்த பிறகும் றபீக்காவுக்குக் கிளினிக் விட்டுப்போகவில்லை. வருத்தக்காரப் பிள்ளையோடு தனியாக நிற்கிற தாய் யாரென்று தெரிந்தால் போதும், மறுநாள் காலை சுடுதண்ணிப் போத்தலோடு அந்த வீட்டில் நிற்பார். ஆஸ்பத்திரி வாங்குப் பலகையில் உட்கார்ந்தும் கல் ஒட்டுவார். பக்கத்திலிருந்து சிணுங்குகிற பிள்ளைக்குத் தன் விரல்களை நீட்டி, "எடு பாப்பம்" என்பார். பிள்ளை கல்லைக் கிள்ளி எடுப்பதில் ஊசியை மறந்துவிடும்.

தாய்மாருக்கு அவர் சொல்வது ஒன்றுதான்: "டொக்டரிட்ட அழாமப் பறையுங்க. அழுகைய வெளிய வந்து என்னட்டக் குடுங்க."

ஒருநாள், கழுத்துப்பட்டி கட்டிய தம்பி ஒருவர் சுகாதாரக் காப்புறுதி பற்றிச் சொல்ல அந்த ஒழுங்கைக்கு வந்தார். றபீக்கா அவருக்குப் பிளேன்டீ கொடுத்து உட்காரவைத்தார். பக்கத்து வீட்டு ஸுஹைனாவின் புருஷனும் கட்டாரில்தான்; அவளுடைய மகள் நஸ்ஹாவைக் காட்டினார். நான்கு வயது. பிறக்கும்போதே இதயத்தில் ஓட்டை. நாலு எட்டு நடந்தால் உதடு நீலம் பாரித்துக் குந்திவிடும் பிள்ளை.

"இவவுக்குச் செய்வீங்களா தம்பி?"

தம்பி நெளிந்தார். "அது வந்து ஆன்ட்டி, முதலே இருக்கிற வருத்தம் எண்டா சேர்க்க மாட்டாங்க."

"முதலே எண்டா? இது உம்மாட வகுத்துக்குள்ளயே வந்த ஓட்டை. அதுக்கு முந்தி எப்பிடிக் காசு கட்டுற? கலியாணத்துக்கு முந்தியா?"

தம்பிக்குத் தேநீர் புரையேறிவிட்டது. றபீக்காவே அவர் தலையில் தட்டிவிட்டார். போகும்போது வட்டிலப்பத் துண்டொன்றும் கொடுத்தனுப்பினார்.

தனியார் ஆஸ்பத்திரியில் நஸ்ஹாவுக்குச் சத்திரசிகிச்சை செய்வதென்றால் ஸுஹைனாவின் வீட்டையும் வளவையும் விற்றாலும் காணாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. ஆனால் காத்திருக்க வேண்டும். காத்திருந்து கொழும்பிலிருந்து தேதி வந்தாலும், அன்றைக்குப் பிள்ளைக்குச் சளித் தடிமனோ காய்ச்சலோ இருக்கக்கூடாது. இருந்தால் மயக்க மருந்து கொடுக்க மாட்டார்கள், திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

முதல் தேதி அப்படித்தான் போனது. அதில் யாரையும் குறை சொல்ல முடியாது. எல்லோரும் அன்பால்தான் கெடுத்தார்கள். அங்கே பிள்ளையொன்று பெரிய வைத்தியத்துக்குப் போகிறதென்றால் ஒழுங்கை முழுக்க வந்து பார்க்கும். பார்ப்பது மட்டுமல்ல, ஓதி, பிள்ளையின் உச்சந்தலையில் ஊதி, கன்னத்தில் முத்தமும் கொடுக்கும். நஸ்ஹாவின் தலையில் அன்றைக்கு ஊதாதவர் இல்லை. கொழும்புக்குப் போய்ச் சேர்வதற்குள் பிள்ளைக்கு மூக்கு ஒழுகியது. போன வழியே கிறுகி வந்தார்கள்.

இரண்டாவது தேதி வந்ததும் றபீக்கா தன் கல்லையும் பசையையும் தூக்கிக்கொண்டு ஸுஹைனாவின் வேலி வாசலுக்கு, கடப்படிக்கே குடிவந்துவிட்டார். கதிரை ஒன்றைப் போட்டுக் கடப்பை மறித்து உட்கார்ந்தார். வட்டிலப்பத்தோடு வந்தவர்களிடம் பாத்திரத்தை வாங்கிக்கொண்டு, "சாப்பாடு உள்ள போகட்டும். வாய் வெளிய நிக்கட்டும்" என்றார். கோபித்துக்கொண்டு போனவர்களும் உண்டு. "இவ என்னகா, பிள்ளைய இவதான் பெத்த மாதிரி" என்று ஒருத்தி கேட்க, "பெத்தவ அழுதுபோடுவா. நான் ஏசிப்போடுவன். அதான் நான் இருக்கன்" என்றார்.

பெரும் சோதனை மீராசாஹிப் வடிவில் வந்தது. ஸுஹைனாவின் பெரியவாப்பா, றபீக்கா அண்ணன் முறை வைத்துக் 'காக்கா' என்று அழைப்பவர், மீன் வியாபாரத்தில் தொண்டையைப் பெருக்கிக்கொண்டவர். ஓதுவதில் தன் மூச்சுக்கு ஒரு விசேஷம் உண்டென்று உறுதியாக நம்புகிறவர். சால்வையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே வந்தார்.

"தள்ளு புள்ள. ஓதி ஊதிட்டுப் போறன்."

"காக்கா, மூக்கு ஓடுது உங்களுக்கு."

"இது தடிமன் இல்ல. வாவிக் காத்து."

சொல்லி முடிக்கவில்லை, தும்மினார். வேலியிலிருந்த காகம் பறந்தது.

"வாவிக் காத்து பெலமா அடிக்குது" என்றார் றபீக்கா.

மீராசாஹிப் அசையவில்லை. தான் ஊதாமல் பிள்ளையைக் கத்திக்கு அனுப்பினால் கேட்பவருக்கு என்ன பதில் சொல்வது என்று அவருக்கு உண்மையிலேயே கண் கலங்கியது. றபீக்காவும் யோசித்தார். துஆவைத் தடுக்கவும் மனமில்லை. மூச்சை உள்ளே விடவும் முடியாது. கடைசியில் தன் கைத்தொலைபேசியை எடுத்து, வீட்டுக்குள் இருந்த ஸுஹைனாவுக்கு வீடியோ அழைப்புப் போட்டார். திரையில் நஸ்ஹாவின் உச்சந்தலை தெரிந்தது.

"இந்தா காக்கா. ஓதுங்க. இதுக்குள்ள ஊதுங்க."

"போனுக்கால ஊதினாப் போய்ச் சேருமா?"

"கட்டார்ல இருந்து இவட வாப்பா ஒவ்வொரு நாளும் போனுக்காலதான் முத்தம் குடுக்காரு. அது சேருதெண்டா இதுவும் சேரும்."

மீராசாஹிப் கண்ணை மூடி, நிறுத்தி நிதானமாக ஓதி, திரையில் பூவென்று ஊதினார். உள்ளேயிருந்து நஸ்ஹாவின் சிரிப்புக் கேட்டது. பிள்ளையும் திருப்பி ஊதினாள். அவர் மறுபடி ஊதினார். ஓதலை விட்டு வெறும் ஊதல் போட்டியாகிவிட்டது. அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் கடப்படியில் வரிசையாக நின்று அந்தத் தொலைபேசிக்குத்தான் ஊதிவிட்டுப் போனார்கள். றபீக்கா அதை ஒவ்வொரு தடவையும் அபாயாத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

கொழும்புப் பயணத்தையும் அவர்தான் ஒழுங்கு செய்திருந்தார். வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களை ஏற்றிவர ஏறாவூரிலிருந்து கட்டுநாயக்கா விமான நிலையத்துக்கு வேன்கள் போகும். போகும்போது வெறுமையாகத்தான் போகும். அப்படியொரு வேன்காரரிடம், "வெறும் சீட்டத்தானே மகன் கேக்கிறன், உங்களுக்குத் துஆ கேப்பன்" என்று பேசிவைத்திருந்தார். பஸ் நெரிசலும் இல்லை, தும்மலும் இல்லை. கூடப் போவதும் அவர்தான். ஸுஹைனா, கிறுகி வந்த அந்த ஒரு பயணத்தைத் தவிர, பொலன்னறுவையைத் தாண்டாதவள், சிங்களம் வராது.

புறப்படுவதற்கு முதல்நாள் காலை, கடப்படியில் கல்லொன்றை ஒட்டப் போன றபீக்கா தும்மினார்.

தற்செயல் என்று விட்டார். பிறகு இன்னொன்று. தொண்டைக்குள் மண் அரிப்பதுபோல் இருந்தது. ஸுஹைனா ஓடிவந்தாள். "றாத்தா, வெயிலுக்கா இரிக்கும். மாஸ்க் போட்டிட்டு வாங்க. நீங்க இல்லாம நான் எப்பிடி..."

"கிட்ட வராத!" றபீக்கா எழுந்து நாலைந்து எட்டு பின்னால் போய் ஒழுங்கையில் நின்றார். ஒழுங்கைப் பெண்கள் வேலிக்கு மேலால் பார்த்தார்கள். எத்தனை பேரை அந்தக் கடப்படியிலிருந்து துரத்தியிருப்பார்! இப்போது தன்னைத் துரத்த வேண்டும். கதிரையை அங்கேயே விட்டுவிட்டு, கல்லை மட்டும் பொறுக்கிக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டார். போகிற போக்கில் மீராசாஹிப்பைக் கண்டவர், "உங்கட வாவிக் காத்து என்னையும் அடிச்சிட்டு" என்றார். கிழவர் சால்வையால் மூக்கை மூடிக்கொண்டார்.

வீட்டுக்குள் போனதும் நாவற்குடாவிலிருக்கும் மேனுகாவுக்குப் போன் எடுத்தார். மேனுகாவின் மகன் கிருஷாந்துக்கு இரத்த வருத்தம் என்று, முன்பொரு காலத்தில் றபீக்கா அவளோடு வாரக்கணக்கில் ஆஸ்பத்திரி வாங்கில் கிடந்தவர். கட்டுநாயக்காக் கார்மண்ட் ஆலையில் வேலை செய்தவள் என்பதால் மேனுகாவுக்குச் சிங்களம் தண்ணி பட்ட பாடு.

"மேனுகா, உனக்குத் தடிமன் இரிக்கா?"

"இல்லையே அக்கா. ஏன்?"

"அப்ப உடுப்ப எடுத்திட்டு வா. கொழும்புக்குப் போகணும்."

என்னத்துக்கு, யாரோடு என்று அவள் கேட்டது பஸ் ஏறிய பிறகுதான்.

மறுநாள் விடிய, சுபஹ் தொழுகை முடிந்து வேன் புறப்பட்டபோது, றபீக்கா தன் வீட்டு ஜன்னலுக்குள்ளிருந்தே கையசைத்தார். நஸ்ஹா கண்ணாடியில் மூச்சு விட்டு விரலால் கோடு கீறிக்கொண்டு போனாள்.

கொழும்பில் மூக்கும் தொண்டையும் நெஞ்சும் பார்த்து, "சுத்தம்" என்றார்களாம். பிள்ளையைச் சத்திரசிகிச்சைக்கு எடுத்துவிட்டார்கள்.

சத்திரசிகிச்சை நாளன்று றபீக்கா தன் வீட்டு மாமரத்தடி வாங்கில் உட்கார்ந்து கல் ஒட்டினார். ஒட்டியதெல்லாம் கோணல். வேலிக்கு வெளியே மீராசாஹிப் வந்து நின்றார். உள்ளே வாங்க என்று றபீக்கா சொல்லவில்லை. வரட்டுமா என்று மீராசாஹிப்பும் கேட்கவில்லை. அவர் தும்மினார். கொஞ்ச நேரம் கழித்து றபீக்கா தும்மினார். அதுதான் பேச்சு.

நண்பகல் லுஹர் பாங்கு சொல்லி அடங்கியபோது தொலைபேசி அடித்தது. ஸுஹைனா. மூச்சு வாங்குகிற சத்தம் மட்டும் வந்தது. பிறகு மேனுகா தொலைபேசியைப் பறித்துக்கொண்டாள்.

"அக்கா, முடிஞ்சுது! ஓட்டைய அடைச்சாச்சாம். டொக்டர் வெளிய வந்து சொன்னவர். பிள்ளையக் கண்ணாடிக்கால பாத்தம். உதடு சிவப்பா இருக்கு அக்கா! இவ அழுறா எண்டு பயப்படாதீங்க, சிரிச்சுக்கொண்டுதான் அழுறா."

வேலிக்கு வெளியே மீராசாஹிப் பொறுமையிழந்து, "என்னகா? என்ன சொல்லுறாங்க? சொல்லனகா!" என்றார்.

றபீக்கா வாங்கில் கிடந்ததையெல்லாம் அள்ளி மடியில் போட்டுக்கொண்டு ஓரமாக நகர்ந்தார்; பக்கத்தில் காலியான பலகையை உள்ளங்கையால் தட்டி, அவரை வந்து இருக்கச் சொன்னார்.