ஐம்பத்தாறு இஞ்சுக் காத்தாடி

ஐயாவு எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் அண்ணாந்து பார்ப்பார். கல்யாண வீடோ கருமாதி வீடோ, அவருக்கு ஒன்றுதான். "வாங்க" என்று கும்பிடுகிறவர்களுக்குப் பதில் கும்பிடு போடுவதற்குள் கண் மேலே போய்விடும். கூட வாழும் இருபத்தாறு வருடமாக மனைவி அம்சம் இதைக் கவனித்து வருகிறாள். மகள் தையல்நாயகிக்கு மாப்பிள்ளை வீடு பார்க்கக் குத்தாலம் போனபோதும் அவர் மாப்பிள்ளையைச் சரியாகப் பார்க்கவில்லை. கூரையில் மின்விசிறி சுற்றுவதைப் பார்த்தார். வெளியே வந்ததும், இடம் சரியான இடம் என்று சொல்லிவிட்டார்.

இது எங்கிருந்து ஒட்டிக்கொண்டது என்று அம்சத்துக்குத் தெரியும். ஐயாவு விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் ஊருக்குப் பொறுப்பாளர். அறுப்புக்கு அறுப்பு கூலிப் பேச்சு நடப்பது மேலத்தெருவில் மிராசுதார் குஞ்சிதபாதம் பிள்ளையின் வீட்டில். பிள்ளை கூடத்தில் நாற்காலியில் இருப்பார். அவர் தலைக்கு மேல் பெரிய மின்விசிறி ஒன்று அவசரமில்லாமல் சுற்றிக்கொண்டிருக்கும். சங்கத்து ஆட்கள் வெளியே, வாசலில். ஆட்சி மாறிற்று, கூலி ஏறிற்று, ஐயாவு இரண்டு தடவை திருச்சி ஜெயிலுக்குப் போய் வந்தார், குடியிருந்த மனைக்குப் பட்டா வந்தது. நிற்கிற இடமும் வேப்பமரத்தடியிலிருந்து நகர்ந்து படிக்கட்டு வரைக்கும் வந்தது. படிக்கு மேலே ஏறவில்லை.

பட்டா மனையில் அரசாங்கம் தொகுப்பு வீடு கட்டிக் கொடுத்தது. பத்தடிக்கு ஒன்பதடியில் ஒரே அறை, பின்னால் ஒட்டினாற்போல அடுப்படி. ஒரு பக்கச் சுவரில் இரண்டடி நீட்டிக்கொண்டு சிமெண்டுப் பரண். கூரையின் நடுவே ஒரே ஒரு இரும்புக் கொக்கி. மழைக்கு ஒழுகவில்லை, அது நிஜம். ஆனால் பங்குனி பிறந்தால் கூரை கொதிக்கும். பழைய குடிசையில் கீற்று வழியாகக் காற்றாவது வந்துகொண்டிருந்தது.

அந்தப் பங்குனியில்தான் வளைகாப்பு முடிந்து தையல்நாயகியைத் தலைப்பிரசவத்துக்கு அழைத்து வந்தார்கள். பிள்ளை பிறந்து மூன்று மாதமாவது மகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அம்சத்தின் ஆசை. குத்தாலத்துக்குப் போனால் மகளுக்கு உட்கார நேரமிருக்காது. மாமியார் காளியம்மாள் கெட்டவள் இல்லை. ஆனால் அந்த வீட்டில் ஆறு பேருக்குச் சோறு வடிக்க வேண்டும், இரண்டு மாட்டைப் பார்க்க வேண்டும். வளையல் போட்ட அன்றைக்கே காளியம்மாள் சொல்லிவிட்டாள்: கல்கட்டடத்து வீடு, பச்சைப்பிள்ளை தாங்காது, காத்தாடி இல்லையென்றால் பதினாறாம் நாளே தூக்கிக்கொண்டு போய்விடுவேன் என்று.

ஆக மின்விசிறி வாங்கியே ஆகவேண்டும் என்று முடிவாயிற்று. தாளடிப் போக அறுப்பில் கூலியாக வந்த நெல்லோடு இரண்டு ஆட்டையும் சேர்த்து விற்றார்கள்.

அம்சம் பால்வாடியில் ஆயா வேலை பார்க்கிறாள். அங்கே பிள்ளைகள் தூங்கும் அறையில் சின்ன மின்விசிறி ஒன்று இருக்கிறது. அது எவ்வளவு தூரத்துக்குக் காற்று தருகிறது, எந்த மூலையில் படுக்கிற பிள்ளைக்கு வியர்க்கிறது என்பதெல்லாம் அவளுக்குப் பாடம். அந்த அறையில் நாலு பாய் விரிக்கலாம். தன் வீட்டில் விரித்துப் பார்த்தாள், அதுவும் நாலு பாய்தான். ஒரு நாள் டீச்சரிடம் அதன் அளவைக் கூச்சத்தோடு கேட்டாள். அட்டைப்பெட்டி இன்னும் இருந்ததால், பார்த்து முப்பத்தாறு இஞ்சு என்றார்கள். தூளி எங்கே கட்டுவது என்றும் அவள் யோசித்து வைத்திருந்தாள். குடிசையாக இருந்தால் விட்டத்தில் எங்கு வேண்டுமானாலும் கட்டலாம். இங்கே கொக்கியில் மின்விசிறி போய்விடும். பரண்மேல் ஒரு முனை, எதிர்ச்சுவர்ப் பொந்தில் ஒரு முனையாக மூங்கில் ஒன்றைக் குறுக்கே போட்டுவிட்டால் அதில் தூளி தொங்கும். சின்ன மின்விசிறிக்கு அந்த மூங்கில் எட்டாது.

இதை ஐயாவுவிடம் சொன்னாள்.

"அது பொட்டிக்கடைக்குப் போடுற காத்தாடி புள்ள," என்றார் அவர். "வாங்குறதே ஒரு தடவ. மேலத்தெருவுல ஓடுதே, அந்த மாதிரி வாங்கணும்."

மன்னார்குடியில் அப்துல் அஜீஸ் கடைக்கு இருவரும் போனார்கள். கடைக்காரர் நிதானமான மனிதர். ரூம் எத்தனை அடி என்றுதான் முதலில் கேட்டார். தொகுப்பு வீடு என்று மட்டும் சொல்லிவிட்டு ஐயாவு மேலே ஓடிக்கொண்டிருந்தவற்றில் ஆகப் பெரியதைக் காட்டினார்.

"அது ஐம்பத்தாறு இஞ்சுண்ணே. பெரிய ஹாலுக்குப் போடுறது. தொகுப்பு வீடுன்னா முப்பத்தாறே போதும், நாப்பத்தெட்டே ஜாஸ்தி."

"ஏன் பாய், தொகுப்பு வீட்டுக்காரன் பெருசு வாங்கக்கூடாதா?"

அஜீஸ் அம்சத்தின் பக்கம் திரும்பி, "நீங்க சொல்லுங்க தங்கச்சி, வீட்டுல பொழங்குறது நீங்கதானே?" என்றார்.

கேட்க ஆளில்லை என்றுதான் இத்தனை நாள் அவள் நினைத்திருந்தாள். இப்போது ஒருவர் கேட்டுவிட்டார். கடையில் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். புருஷனின் முகம் ஏற்கெனவே சிவந்திருந்தது. நாலு பாய், மூங்கில், தூளி எல்லாம் நாக்கு நுனி வரைக்கும் வந்தன.

"அவுங்க சொல்றதுதான்," என்றாள்.

பேருந்தில் வரும் வழியெல்லாம் மடியிலிருந்த பெட்டி கனத்தது. தன்மேல்தான் அவளுக்கு ஆத்திரம்.

மாட்ட வந்தவன் தியாகேசன். அதே தெருப்பையன், வயரிங் வேலை படித்தவன். இறக்கைகளைத் தரையில் விரித்துப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, இத மாட்டுனா வீட்டத் தூக்கி வெளில வைக்கணும் போலருக்கே," என்றான். ஐயாவு சிரிக்கவில்லை. கூரை எட்டரை அடிதான் என்பதால் விசிறியைத் தொங்கவிடும் ராடை ஒரு சாணாக அறுத்தான். அப்படியும் ஐயாவு சட்டையைக் கழற்றக் கையைத் தூக்கினால் விரல் போய்விடும் உயரத்தில் அது நின்றது. பொழுது சாய்ந்தால் கரண்டு இறங்கும். அப்போது செக்குமாடு போல முனகிக்கொண்டு சுற்றும். பகலில் கரண்டு நன்றாக இருந்தால் பரண்மேலிருந்த முறமும் சாக்கும் படபடத்துப் பறக்கும். ஐயாவு மட்டும் அதன் கீழே கால்மேல் கால் போட்டுப் படுத்திருப்பார். அந்த முகத்தைப் பார்த்தால் அம்சத்துக்கு ஒன்றும் சொல்லத் தோன்றாது.

சித்திரை நடுவில் தையல்நாயகிக்கு ஆண்பிள்ளை பிறந்தது. தூளி கட்டவேண்டிய நாள் வந்தது. மூங்கிலைக் குறுக்கே வைத்ததும் இறக்கை அதில் இடிக்கும் என்று தெரிந்துபோயிற்று. சுவர்ப்பக்கம் தள்ளிவைத்தால் தூளி ஆடும்போது பிள்ளையின் தலை சுவரில் மோதும். தியாகேசனும் வந்து பார்த்துக் கையை விரித்தான். தூளி கட்டினால் மின்விசிறியை நிறுத்த வேண்டும். மின்விசிறியைப் போட்டால் தூளியை அவிழ்க்க வேண்டும். தரையில் போட்டால் பிள்ளை தூங்கவில்லை, விசிறியை நிறுத்தினால் உடம்பெல்லாம் வேர்க்குரு. அம்சம் ஒரு கையால் தூளியை ஆட்டிக்கொண்டு மறுகையால் பனையோலை விசிறியை வீசினாள். தலைக்குமேல் ஐம்பத்தாறு இஞ்சு சும்மா நின்றது.

பதினாறாம் நாள் காளியம்மாள் வந்தாள். பிள்ளையின் முதுகைத் தடவினாள், மேலே பார்த்தாள், தூளியைப் பார்த்தாள். சத்தம் போடவில்லை. "ஒன்னும் மனசுல வச்சுக்காதீங்க சம்பந்தி. அங்கன தாழ்வாரத்துல தூளி ஆடும், காத்தும் வரும்," என்றாள். சொன்ன சொல்லில் குறை கண்டுபிடிக்க இடமில்லை. தையல்நாயகி அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் துணியை மடித்தாள்.

அவர்களைப் பேருந்து ஏற்றிவிட்டுத் திரும்பிய ஐயாவு, காளியம்மாளுக்குத் திமிர் என்று ஆரம்பித்தார். நம் வீட்டில் அவள் வீட்டைவிடப் பெரிய காத்தாடி ஓடுகிறதே என்ற பொறாமை என்றார்.

அம்சம் தூளிச்சேலையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஏங்க, பிள்ளைவாள் வீட்டுக் கூடம் எவ்வளவு பெருசு?"

அவர் அண்ணாந்து பார்த்தார்.

"உங்களுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது. நாம ரெண்டு பேரும் உள்ள போனதில்ல. இந்த வீடு எவ்வளவுன்னு எனக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் கூலி கேட்டீங்க. எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?"

ஐயாவு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். மறுநாள் முதல் பேருந்தில் மன்னார்குடிக்குப் போய் அஜீஸிடம் மாற்றித் தரமுடியுமா என்று கேட்டாராம். ராடை அறுத்து, மாட்டி ஓட்டிய சாமானை எப்படிண்ணே எடுக்கிறது என்று அவர் கேட்டிருக்கிறார். அதுவும் நியாயம்தான். ஐயாவு இதைத் தியாகேசனிடம்தான் சொன்னார். அம்சத்திடம் சொல்லவில்லை.

இது நடந்து நாலு வருடமாகிறது. தையல்நாயகியின் இரண்டாவது பிரசவம் குத்தாலத்திலேயே ஆயிற்று. பொங்கலுக்கு வந்தால் ஒரு நாள் இருக்கிறாள், மறுநாள் கிளம்பிவிடுகிறாள். வேறு மின்விசிறி வாங்க இன்னும் கூடிவரவில்லை.