பழைய மெசினுக்குப் புது மூள

பித்தளையில பேரு வெட்டுற தொழில்ல கை நடுங்குனா ஒரு எழுத்துதான் போவும். மெசினு நின்னா தொழிலே போவும். பழைய மெசின வூட்ல வெச்சிக்கினு, தெனம் தொடச்சி கும்புட்டுக்கினு, பயந்துக்கினு இருக்கறவங்களே, இது உங்களுக்குத்தான்.

பொட்டி பொகஞ்சது

சின்ன காஞ்சிபுரத்துல எங்க பட்டறை. வாசக்கால் மேல மாட்ற பித்தளைப் பலகை வெட்டித் தருவோம். தெருவுக்குத் தெரு பிரௌசிங் சென்டர் வந்துக்கினு இருந்த சமயம் அது. எங்ககிட்ட இருந்தது ஒரு சின்ன சி.என்.சி. மெசினு, மேஜை மேல உக்கார்ற அளவு. எண்ணு எண்ணா எழுதிக் குடுத்தா தானே நவுந்து தானே பித்தளையக் கொடையும். மூடிப்போன பாலிடெக்னிக்ல ஏலத்துல எடுத்தது. அன்னிக்கு எங்க வூட்டுக்காரரு செருப்பத் தொலச்சிட்டு வெறுங்கால்ல வந்தாரு, மெசினு மட்டும் போர்வ போத்திக்கினு வந்துச்சி. சரி, அத வுடுங்க. மெசின ஓட்டுற கண்ட்ரோல் பொட்டி ஒரு நாளு பொகஞ்சி செத்துப்போச்சி. உள்ள இருக்கற கார்டு இப்ப யாரும் செய்யறதே இல்லியாம். பழைய இரும்பு எடுக்கற காயலான்கடை பாய்க்கு ஆள் அனுப்பிட்டாரு இவரு.

எங்க மருமவ தனம் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா. குறுக்க வந்து நின்னுட்டா. "ஒடம்பு நல்லாத்தான் இருக்குது மாமா, மூளதான் செத்துருக்குது. நான் கம்ப்யூட்டர் வெச்சி ஓட்டிக் காட்றேன்"னா. சமஸ்கிருத வாத்தியார் ஒருத்தரு தென்னேரியில கட்டுன புது வூட்டுக்குப் பலகை கேட்டிருந்தாரு. கிரகப்பிரவேசத்துக்குள்ள அத வெட்டிட்டா மெசினு இங்க, இல்லன்னா பாய் வண்டியிலன்னு முடிவாச்சி. பாய் மெசின ஒரு தட்டு தட்டிப் பாத்துட்டு சொன்னாரு: "அதுவரிக்கும் துரு புடிக்காம பாத்துக்கமா, எடைக்கு எடுக்கறதா இருந்தாலும் எனக்கு அழகு முக்கியம்."

பத்துன்னா அஞ்சு

பேத்தி படம் வரையற கம்ப்யூட்டர இழுத்தாந்தா தனம். மோட்டார ஓட்டுறதுக்கு மெட்ராஸ்லேர்ந்து புது போர்டுங்க வந்துச்சி. பிரிண்டர் சொருவுற எடத்துல மெசினு வயர சொருவுனா. "அப்ப இது இனிமே காயிதத்துல அடிக்குமா?"ன்னு கேட்டேன். சிரிச்சிக்கினே திருகாணிய முறுக்குனா. எங்க அக்கா மொதமொதல்ல மிக்ஸி வாங்குனப்போ மூடிய மறந்துட்டு, கூரையெல்லாம் தேங்கா சட்னி. நானு ஒரு அடி தள்ளியே நின்னேன்.

பத்து மில்லிமீட்டர் போன்னா மெசினு அஞ்சுதான் போச்சி. இருவதுன்னா பத்து. பக்கத்து வூட்டு தறிக்காரரு எட்டிப் பாத்துட்டு சொன்னாரு: "பத்து மொழம் கேட்டா அஞ்சு மொழம் நெய்யற ஆளு எங்கிட்டயும் ஒருத்தன் இருக்கான் தனம், அவனயும் கொஞ்சம் கம்ப்யூட்டர்ல மாட்டி வுடேன்."

மொத வெட்டு

தனம் கம்ப்யூட்டர்ல என்னமோ கணக்க மாத்துனா, பத்து பத்தாச்சி. மரக்கட்டையில ஒரு கட்டமும் ரெண்டு எழுத்தும் வெட்டிப் பாக்கலாம்னா தனம். இவரு ஒத்துக்கல. எங்க பட்டறையில மொத வெட்டு பெருமாளு நாமந்தான், மாமனார் காலத்து வழக்கம். நாமம் வந்துச்சி பாருங்க, அச்சு மாதிரி! இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரு முடி வித்தியாசமில்ல. கற்பூரம் ஏத்திட்டாரு. "எதுக்கும் எழுத்து ஒண்ணு வெட்டிப் பாத்துடலாம் மாமா"ன்னு தனம் இழுத்தா. அதுக்கு இவரு: "பெருமாளே சரியா வந்துட்டாரு, அதுக்கு மேல எழுத்து என்னாத்துக்கு?"

கை மாறிப்போச்சி

வாத்தியார் பலகையில பேரு கெடையாது. சங்கு, நாமம், சக்கரம் மட்டுந்தான். தகதகன்னு வந்துச்சி. மறுநாள் கிரகப்பிரவேசம். வாத்தியார் வந்து பாத்தாரு. பெருமாளு மாதிரியே ரெண்டு கையயும் தூக்கிக்கினு பலகைய மறுபடி பாத்தாரு. "ஏம்மா, பெருமாள் வலது கையில எப்போலேர்ந்து சங்கு?"ன்னாரு.

எனக்கு ஒண்ணும் ஓடல. என் வலதா, பெருமாளு வலதா, பலகை வலதான்னு நின்ன எடத்துலயே சுத்துனேன். தனம் தலையில அடிச்சிக்கினா. பக்கவாட்டு மோட்டாரு தலகீழாச் சுத்தி, எடதுல வரவேண்டியத வலதுல வெட்டியிருக்குது. நாமம் ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கறதால அன்னிக்குத் தெரியல. ரெண்டு வயர மாத்திப் போட்டா சரியாம். வயரு இருக்குது, வேற பித்தளை இல்லியே! இவரு வாசலப் பாத்தாரு, பாய் வண்டி வருதான்னு. தனம் கண்ணுல தண்ணி. "திருப்பி மாட்டினா சரியாப் போவாதா சாமி?"ன்னு நானு ஒளறிட்டேன். தனம் பலகையத் திருப்புனா. பின்பக்கம் வழவழன்னு வெறுமையா இருந்துச்சி. வயர மாத்தி, அதுலயே வெட்ட வுட்டா. வாத்தியார் அங்கியே உக்காந்துட்டாரு, காபி மேல காபி. சாயங்காலம் சக்கரம் வலது கையில, சங்கு எடது கையில. அவரு பலகைய இப்படியும் அப்படியும் திருப்பிப் பாத்துட்டு கேட்டாரு: "எல்லாம் சரிதாம்மா, சுவத்தப் பாத்துண்டு இருக்கப்போற பெருமாளுக்கு மூச்சு முட்டாதோ?"

பாய் வண்டி

சொன்ன மாதிரியே பாய் வந்தாரு. மெசினு ஓடிக்கினு இருக்குது. செத்த பொட்டிய மட்டும் தூக்கி வண்டியில வெச்சாரு. தனம் அதயும் திரும்பிப் பாக்க, பாய் சட்டுனு சாக்குப் போட்டு மூடிட்டு எங்காதுல சொன்னாரு: "இனிமே எதனா பழசு இருந்தா, மருமவ பாக்கறதுக்கு முன்னாடி எனக்கு சொல்லி அனுப்புமா."

மெசினுக்குப் புது மூள வந்து எத்தினியோ பலகை வெட்டியாச்சி, நாந்தான் இன்னிக்கும் பெருமாளு எதிர்ல நின்னா எந்தக் கை வலதுன்னு ஒரு தடவ திரும்பி நின்னு பாத்துக்கறேன்.