மேட்டில் நிறுத்த ஏலாது

எங்கள் மேடு மழைக்கு ஓடை, வெயிலுக்கு அடுப்பு. பிலிமத்தலாவையில் பிரதான வீதியை விட்டுத் திரும்பினால் கோயில்வரை மூச்சு விட இடம் தராமல் ஏறும். கோயிலுக்குக் கொஞ்சம் முன்னால் என் வீடு. ஊரே பெட்ரோலுக்கு வரிசையில் நின்று நரைத்த அந்த வருடம், என் மோட்டார்சைக்கிளை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு, மின்சார சைக்கிள் ஒன்று வாங்கினேன். மிதிக்க வேண்டும்தான். ஆனால் மிதித்தால் பின்சக்கரத்தின் நடுவில் ஒரு சிறு மோட்டார் முனகத் தொடங்கும், யாரோ முதுகில் உள்ளங்கையை வைத்துத் தள்ளுவதைப் போல. நாற்பத்தெட்டு வயதில் என்னை மேலே தள்ளிவிட்ட ஒரே கை அது.

நம் நாட்டிலேயே செய்தது. கொழும்புப் பக்கம் தொழிற்சாலை, கண்டியில் கண்ணாடி போட்ட கடை. அதே சைக்கிள் வைத்திருந்த நாங்கள் ஒரு கூட்டம் சேர்ந்து, ஞாயிறு காலைகளில் பேராதனைச் சந்தித் தேத்தண்ணிக் கடையில் கூடினோம். வட்ஸ்அப்பில் ஒரு குரூப் போட்டோம். மருந்துக்கடைக்காரர் ஒருவரைத் தலைவர் ஆக்கினோம். அவரிடம் சாவிக்கட்டும் சத்தமான குரலும் இருந்தன.

பிறகு கம்பனி நோய்ப்பட்டது. முதலில் தொலைபேசியில் பாட்டு நீண்டது. பிறகு ஒரு பிள்ளை, "சேர், சாமான் கப்பல்ல இருக்கு" என்றாள். மாதக்கணக்காகக் கப்பலிலேயே இருந்தது. பிறகு கண்டிக் கடைக்கு இரும்புக்கதவு இறங்கியது. கடன்காரர்கள் தொழிற்சாலை வாசலில் நிற்கிறார்கள் என்று கேள்விப்பட்டோம். எங்கள் கவலை கடன்காரர்களைப் பற்றியதல்ல. அந்த சைக்கிளின் பிரேக் கட்டை வேறெந்த சைக்கிளிலும் வராத அளவு. அந்தப் பெட்டரி வேறெங்கும் கிடைக்காத பெட்டரி. நாங்கள் வாங்கியது சைக்கிளை அல்ல, அந்தக் கம்பனியின் ஆயுளை.

எங்கள் பக்கம் மரணாதார சங்கம் இல்லாத தெரு கிடையாது. ஒரு வீட்டில் சாவு விழுந்தால் கூடாரம், கதிரை, பெரிய கேத்தல் எல்லாம் சங்கத்திலிருந்து வந்து இறங்கிவிடும். அழுவது மட்டும்தான் வீட்டுக்காரரின் வேலை. ஒரு ஞாயிறு நான்தான் சொன்னேன்: சைக்கிளுக்கும் அப்படியொரு சங்கம் வைப்போம், செத்த சைக்கிளின் உறுப்புகள் உயிரோடு இருக்கிற சைக்கிள்களுக்கு. எல்லோரும் மேசையைத் தட்டினார்கள்.

கூட்டத்தில் ஒரு துணிக்கடைக்காரர். அவர் பேச்சில் அண்ணன் என்றால் நானா, சாவு என்றால் மௌத்து. அவர் மட்டும் கேட்டார்: "அது சரி நானா, சைக்கிள் மௌத்தாப் போச்சுன்னு ஆரு சொல்லுற?"

"தலைவர்தான்" என்றேன். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

என் பிரேக் கட்டைகள் தேய்ந்து தகடாகிக்கொண்டிருந்தன. குரூப்பில் கேட்டேன், யாரிடமாவது ஒரு சோடி இருக்கிறதா என்று. கும்பிடு கைகள் வந்து விழுந்தன, கண்ணீர் முகங்கள் வந்து விழுந்தன, ஒரு பிரேக் கட்டை வந்து விழவில்லை. மழை விட்டிருந்த ஒரு காலை மேட்டில் இறங்கும்போது இரண்டு பிரேக்கையும் அமுக்கினேன். இரண்டும் என் விரல்களோடு சும்மா கை குலுக்கின. வளைவில் இருந்த கல்வேலிதான் என்னை நிறுத்தியது. சைக்கிளுக்கு ஒரு கீறல். எனக்கு முழங்கால்.

பேராதனை ஆஸ்பத்திரியில் காலைத் தூக்கிக் கட்டிப் போட்டார்கள். வைத்தியர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இனி மேடு ஏறி நடக்கிற கால் இல்லை இது என்றார். சைக்கிள் மிதிக்கலாமா என்று கேட்டேன். மோட்டார் தள்ளினால் மிதிக்கலாம், நல்லதுகூட என்றார். அந்த "நல்லதுகூட" என்ற சொல்லைத் தலையணைக்கடியில் வைத்துக்கொண்டு படுத்தேன். அச்சகத்தில் பிழை திருத்துகிறவன் நான். தினமும் த்ரீவீலில் போய்வந்தால் என் சம்பளத்தை த்ரீவீல்காரன்தான் வாங்குவான். அந்த சைக்கிள் இருந்தால் எனக்கு வேலை உண்டு. இல்லாவிட்டால் வீட்டு வாசல் உண்டு.

தலைவரும் துணிக்கடைக்காரரும் பார்வையாளர் நேரத்தில் வந்தார்கள். மாரி பிஸ்கட், தோடம்பழம், ஒரு ஹோர்லிக்ஸ் போத்தல்.

"பிரேக் கட்டைதானாமே அண்ணே?" என்றார் தலைவர். "எங்கிட்ட ஒரு சோடி சும்மா கெடந்திச்சு."

"நான் கேட்டேனே."

"குரூப்ல கேட்டீங்க. எங்கிட்ட கேக்கலயே."

துணிக்கடைக்காரர் தோடம்பழத்தை உரித்தார். ஒரு சுளையை எனக்கு நீட்டிவிட்டு மீதியைத் தானே தின்றார்.

"பெட்டரிய சார்ஜ் பண்ணாம போட்டு வச்சா செத்துரும் அண்ணே" என்றார் தலைவர், மருந்து சாப்பிடச் சொல்லும் அதே குரலில். "என்னோடது படுத்துருச்சு. ஒங்களோடத நான் ஓட்டி உயிரோட வச்சிருக்கேன்."

"வேணாம். எனக்குத் தேவைப்படும்." வைத்தியர் சொன்னதைச் சொன்னேன்.

"ஆமா, ஆமா" என்றார் தலைவர். "மொதல்ல கால பாருங்க." கட்டின்மேல் கை வைத்து அழுத்தினார், ஆறுதலாக.

அங்கிருந்து நேரே என் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். நான் சொல்லித்தான் வந்ததாக என் மனைவியிடம் சொல்லியிருக்கிறார்கள். அவள் பால் விடாத பிளேன்டி ஊற்றிக் கொடுத்து, பெட்டரிச் சாவியையும் கொடுத்தனுப்பினாள். மறுநாள் ஆஸ்பத்திரி வாட்டுக்கு வந்தவள் சந்தோஷமாகத்தான் சொன்னாள்: "ஒங்க கூட்டாளிமாரு தங்கமானவங்க. பெட்டரி செத்துரக் கூடாதுன்னு கொண்டு போயிருக்காங்க."

அவளை நான் திட்டவில்லை. ஹோர்லிக்ஸ் போத்தலைத் திறந்து கொடுக்கச் சொன்னேன்.

ஊன்றுகோலோடு வீட்டுக்கு வந்து சேர்ந்த வாரம், பெட்டரியும் வந்தது. தலைவர் அதை ஒரு கடைப் பைக்குள் போட்டுக் கொண்டுவந்திருந்தார். துணிக்கடைக்காரர் பின்னால் நின்றார். நான் நொண்டிப் போய் பெட்டரியை என் சைக்கிளில் பொருத்திப் பொத்தானை அமுக்கினேன். சிவப்பு விளக்கு சிமிட்டியது. அணைந்தது. மறுபடி அமுக்கினேன். சிவப்பு.

"அதான் அண்ணே வெசயம்" என்றார் தலைவர். "ஒரு பெட்டரி ஒரு சைக்கிளத்தான் தெரிஞ்சு வச்சிருக்காம். வேற சைக்கிள்ல போட்டா பூட்டிக்குமாம், அப்பறம் சொந்த சைக்கிள்லயும் ஓடாதாம். கம்பனிதான் தெறந்து விடணும்."

"அது தெரியாமலா மாத்தினீங்க?"

"தெரியும். கம்பனியே செத்துப் போச்சு, அப்பறம் பூட்டு மட்டும் எப்பிடி உசுரோட இருக்கும்னு நெனச்சோம்."

பூட்டு உயிரோடு இருந்தது. கம்பனியில் அந்த ஒன்றைத்தான் சாகாத மாதிரி செய்திருந்தார்கள். இந்தப் பெட்டரியை எழுப்பக்கூடிய ஆட்கள் இந்நேரம் டுபாயிலோ துயரத்திலோ இருக்கலாம். எங்கே என்று கேட்கவும் ஒரு நம்பர் கிடையாது. நான் சைக்கிளின் ஆசனத்தில் கை வைத்தபடி நின்றேன். மழைத்தண்ணீர் கால்வாயில் கீழே போய்க்கொண்டிருந்தது. அச்சகம் அந்தப் பக்கம்தான்.

அவர்கள் போகவில்லை. தலைவர் துணிக்கடைக்காரரைப் பார்த்தார்.

"சொல்லுங்க" என்றேன்.

"இல்ல நானா" என்றார் துணிக்கடைக்காரர். "ஏன்ட பெட்டரி நல்லா ஈக்கிது. மோட்டார்தான் போயிட்டு. மோட்டாருக்கு அந்தப் பூட்டு கீட்டு ஒண்ணும் இல்லயாம். ஒங்கட சைக்கிள் இப்ப…" நிறுத்தினார்.

"மௌத்து" என்று முடித்துக் கொடுத்தேன்.

தலைவர் பெருமூச்சு விட்டார். "நீங்க வச்ச சங்கம்தானே அண்ணே." பையில் பெட்டரிக்கு அடியில் ஸ்பேனர்கள் இருந்தன. பெட்டரியைக் கொண்டுவரும்போதே அவற்றையும் எடுத்து வந்திருக்கிறார்.

மனைவி மறுபடியும் பிளேன்டி கொண்டுவந்தாள். வந்தவர்களுக்குத் தேத்தண்ணி கொடுக்காமல் அனுப்பும் வீடு எங்கள் பக்கத்தில் கிடையாது, அவர்கள் எதை எடுத்துப்போக வந்திருந்தாலும். கிளாசைத் திண்டில் வைத்துவிட்டு, குடித்துக் குடித்தே மோட்டாரோடு பின்சக்கரத்தைக் கழற்றினார்கள். சீனி காணாது என்று தலைவர் சொன்னார். அவள் சீனிப் போத்தலை எடுத்து வந்து அவர் முன்னால் வைத்தாள்.

"பெல்லும் ஒண்ணு இருக்கு" என்றாள். "அதையும் கழட்டிக்கிட்டு போங்க. எங்களுக்கு யாருக்கு அடிக்க?"

துணிக்கடைக்காரர் கூச்சப்பட்டார். தலைவர் கழற்றினார்.

அச்சகத்தில் என் கதிரைக்கு வேறொருவர் வந்துவிட்டார். இப்போது காலை வேளைகளில் வாசலில் உட்கார்ந்திருக்கிறேன். கோயில் பக்கம் புதிதாக ஒரு கிளைக்கடை போட்டிருக்கிறார் துணிக்கடைக்காரர். தினமும் எங்கள் மேட்டில்தான் ஏறுகிறார். அவர் வளைவுக்கு வருமுன்பே எனக்குக் கேட்டுவிடும். எத்தனை மோட்டார் ஓடினாலும் அந்த முனகல் எனக்குத் தெரியும், என் முதுகு அதைக் கேட்டு நிமிர்ந்துகொள்ளும், முட்டாள் முதுகு. நேற்றும் வந்தார். தூரத்திலேயே மணியடித்தார். என் மணி.

"நானா! காலு எப்பிடி ஈக்கிது?"

"வாங்க, வந்துட்டு போங்க" என்றேன்.

"ஏலாது நானா, மேட்டுல நிப்பாட்டினா திரும்ப எடுக்க ஏலாது!"

உண்மைதான். அந்த மோட்டாரின் அந்தக் குணம் என்னைவிட யாருக்குத் தெரியும். அவர் மிதித்துக்கொண்டே மேலே போனார்.